லாரி ரோட்டோரத்தில் ஒரு ஏர் பியூரிஃபையர்: பம்பிங் குறைந்தவன் பார்வையில்

முழங்கால் உயரம், வெள்ளை நிறம், உருளை வடிவம், சுற்றிலும் காற்றை இழுத்து மேலே விடும் மாடல். தீபாவளித் தள்ளுபடியில் 11,500 ரூபாய். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. ஃபில்டர் விஷயத்தில் அவர்களோடு எனக்கு ஒரு மனக்கசப்பு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரைக்குமான இந்த மிஷின்கள் எல்லாம் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு ஃபேன், அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு வடிகட்டி, மேலே நாலு கலர் விளக்கு, கூடவே போனில் ஒரு ஆப்.

இதை முக்கியமாக என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். 1, 28, 101 என்று பெரும்பாலும் வடசென்னைத் தடங்களில்தான் டியூட்டி. பீடி, சிகரெட் கிடையாது. டீசல் புகை மட்டும் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு, 35 சதவீதம். நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். வீடு திருவொற்றியூரில். தெருமுனையைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். ராத்திரி நேரத்தில் வரிசை நகராமல் நிற்கும், எஞ்சினை அணைக்க மாட்டார்கள். காலையில் ஜன்னல் விளிம்பை விரலால் தடவினால் கருப்பாக ஒட்டும். சாதாரண மண் தூசி என்றால் ஊதினால் போய்விடும். இது எண்ணெய்ப் பசையோடு இழுபடும், சோப்புப் போட்டால்தான் விரல் வெளுக்கும்.

காற்று வடிகட்டி என்றால் ஆஸ்துமாக்காரர்கள் வாங்குவது என்றுதான் கடையில் இருந்த பையனும் நினைத்தான். "சாருக்கு வீஸிங்கா?" என்று கேட்டான். ஹார்ட் என்றதும் ஒரு மாதிரி பார்த்தான். என் மகள் ஒரு மருத்துவமனையில் எக்கோ டெக்னீஷியன். "ப்பா, இது லங்ஸுக்கு வாங்குற மிஷின் இல்ல, ஹார்ட்டுக்கு வாங்குறது. அந்தத் தம்பிக்கு நீ கிளாஸ் எடுக்காத, பில்லைப் போடச் சொல்லு" என்றாள். அந்தப் பையனுக்கு எடுக்க முடியாத கிளாஸை இங்கே எடுத்துவிடுகிறேன்.

எனக்கு மார்கழி வந்தால் விடியற்காலையில் மூச்சு முட்டி விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். முதலில் நுரையீரல் டாக்டரிடம் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆஸ்துமா இல்லை என்றார். இதய டாக்டர்தான் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் இடது பக்கம் ரத்தத்தைச் சரியாக வெளியே தள்ளாவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கிற நுரையீரலில் ரத்தம் தேங்கும். டெர்மினஸில் முன்னால் நிற்கிற வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் ரோடு வரைக்கும் நிற்குமே, அதே கதைதான். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் நீர் கசிந்து நுரையீரலில் ஊறும். நீர் கோர்த்த நுரையீரல் விறைத்துப்போகும். சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கி இடுங்கும், விசில் சத்தம்கூட வரும். பார்ப்பவர்கள் ஆஸ்துமா என்றே நினைப்பார்கள். படுத்தால் காலில் தங்கியிருக்கிற நீரும் மேலே வந்து சேரும். பம்பிங் கம்மியான வீடுகளில் ரெண்டு தலையணை, மூணு தலையணை என்று கணக்குச் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே இப்படி ஊறிக் கிடக்கிற நுரையீரலுக்குள் லாரிப் புகை வந்தால் என்ன ஆகும்? பிஎம் 2.5 என்று சொல்கிறார்களே, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், அது மூக்கு, தொண்டை எதிலும் மாட்டாமல் நேரே காற்றுப் பைகள் வரைக்கும் போய் உட்காருகிறது. அங்கே இருக்கிற காவல் செல்கள் அதோடு மல்லுக்கட்டும்போது அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்திலும் பரவுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது, ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மைக்கு வருகிறது. ஆரோக்கியமானவருக்கு இது தொண்டைக் கரகரப்போடு போய்விடலாம். தளர்ந்த இதயத்துக்கோ தள்ள வேண்டிய பாரம் கூடுகிறது, தள்ள முடியாதது மறுபடியும் நுரையீரலுக்கே திரும்பி வருகிறது. 2013ல் லான்செட் இதழில் பல ஊர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் சுமார் 2 சதவீதம் கூடுகிறது என்பது அதில் கண்ட முடிவு. இரண்டுதானே என்று தோன்றும். எங்கள் தெருமுனையில் பத்து மைக்ரோகிராம் கூட ஒரு நல்ல கன்டெய்னர் வரிசை போதும்.

சரி, மிஷினுக்கு வருகிறேன்.

பெட்டியின் மேல் '400 சதுர அடி அறைக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பி வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது சிஏடிஆர் என்று பொடி எழுத்தில் இருக்கும் எண். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை வெளியே விடும் என்பது அது. என் படுக்கையறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டி வழியாக வந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிரயோஜனம். அப்படிப் பார்த்தால் 170 வேண்டும். இந்த மிஷினின் சிஏடிஆர் 250. என் அறைக்குத் தாராளம். அவர்கள் சொல்கிற 400 சதுர அடி அறையில் வைத்தால் மணிக்கு இரண்டு முறைதான் சுற்றும்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 250 முழு வேகத்தில் மட்டும். முழு வேகத்தில் போட்டால் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும், தூங்க முடியாது. 'ஸ்லீப்' மோடில் சத்தம் சுத்தமாக இல்லை. காற்றும் ஏறக்குறைய இல்லை. விளம்பரத்தில் எண்ணைக் காட்டுவது ஒரு வேகத்தில், அமைதியைக் காட்டுவது இன்னொரு வேகத்தில். நான் படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் கதவை மூடி முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்புறம் நடு வேகத்துக்குக் குறைத்துவிடுகிறேன். வாங்குகிறவர்கள் தேவையைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு சிஏடிஆர் உள்ளதாகப் பார்த்து வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள்.

வடிகட்டியில் எச்13 என்று இருக்கிறதா பாருங்கள். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகளிலும் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் அர்த்தம். இப்படி நுண்துகளைப் பிடிக்கிற வடிகட்டிக்கு ஹெப்பா என்று பெயர். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா மாதிரி' என்றெல்லாம் வழுக்குகிற பெட்டிகளைக் கீழே வைத்துவிடுங்கள். என் மிஷினில் அயனைசர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. 'மலைக் காற்றின் புத்துணர்ச்சி' என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். அயனைசர்கள் ஓசோனை உண்டாக்கக்கூடியவை. ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கிற வாயு. இருக்கிற புகை போதாதென்று காசு கொடுத்து அதை வேறு வாங்குவானேன்? முதல் நாளே அணைத்து, பேரன் கை படாமல் இருக்க மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. மகளுடன் வேலை பார்ப்பவரிடம் தூசி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தது, இரவல் வாங்கினோம். மார்கழி இரவு, ஜன்னல் திறந்திருக்க, லாரி வரிசை நிற்கும்போது கட்டில் பக்கத்தில் 90ஐ ஒட்டி காட்டியது. ஜன்னலை அடைத்து, மிஷினை முழு வேகத்தில் போட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் இருபதுக்கு வந்திருந்தது. பிஎம் 2.5க்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021ல் சொன்னது 15. நம் ஊர் காற்றுத் தரக் குறியீடு 'திருப்திகரம்' என்று பச்சையில் காட்டுகிற நாளில்கூட இங்கே உலக அமைப்பு சொன்னதைப் போல நாலு மடங்கு வரை இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பை நானும் வைத்திருக்கிறேன். மணலி, ராயபுரம், கொடுங்கையூர் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் நிலையங்கள் இருக்கின்றன. குறியீடு 101ஐத் தாண்டினாலே இதய நோயாளிகளுக்குச் சிரமம் வரலாம் என்று வாரியமே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் அதில் தூசிக் கணக்கு 24 மணி நேரச் சராசரி. ராத்திரி இரண்டு மணிக்கு என் ஜன்னலுக்கு வெளியே நடப்பது மத்தியானக் கடல் காற்றோடு கலந்து சராசரியாகி, மறுநாள் சாதுவாக வந்து நிற்கும்.

மிஷினில் இருக்கிற சென்சார் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அந்தக் கலர் விளக்கைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். வீட்டம்மா சமையலறையில் மிளகாய் தாளித்தால் சிவப்பு. பேரனுக்குப் பவுடர் போட்டால் சிவப்பு. ஐப்பசி அடைமழையில், வெளியே காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும்போது ஆரஞ்சு! ஈரப்பதம் அதிகமானால் இந்த லேசர் சென்சார்கள் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். மேலும் சென்சார் இருப்பது மிஷினிலேயே, சுத்தக் காற்று வருகிற இடத்துக்குப் பக்கத்தில். அது பச்சையாக இருக்கும்போது கட்டிலின் அந்தப் பக்கம் பச்சை என்று அர்த்தமில்லை. 'ஆட்டோ' மோடு இந்த சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது, அதனால் நான் ஆட்டோவைத் தொடுவதே இல்லை.

அந்த இரவல் மீட்டரால் கிடைத்த பெரிய லாபம் வேறு. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனதும் எண் 500ஐத் தாண்டி ஓடியது. வெளியே நிற்கிற லாரியெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. அப்புறம் அவளே தேடிச் சொன்னாள்: ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவுக்கு நுண்துகள் வெளியே வரும் என்று 2003ல் வந்த ஆய்வு ஒன்றில் அளந்து எழுதியிருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொடாதவன் வீட்டில், கதவு சாத்திய அறையில், ராத்திரி முழுக்க.

சுருளை அன்றைக்கே நிறுத்தினோம், கொசுவலை வாங்கினோம். அறுநூறு ரூபாய். இந்த மதிப்பீட்டில் மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால் அந்தக் கொசுவலையைத்தான் சொல்வேன். பதினோராயிரம் ரூபாய் மிஷினை ஓடவிட்டு, பக்கத்தில் சுருளைக் கொளுத்தி வைக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

சாம்பிராணிதான் சிக்கல். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் வீட்டம்மாவுக்கு மனசு ஆறாது. "சாமிக்குப் போடற பொகைக்குமா கணக்கு பாப்பீங்க?" என்றாள். மகளும் நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒரு உடன்பாடு ஓடுகிறது: சாம்பிராணி ஹாலோடு சரி, அந்த நேரம் என் அறைக் கதவு சாத்தியிருக்கும், முடிந்ததும் ஹால் ஜன்னல் இரண்டும் திறக்கப்படும். ஊதுபத்தி ஒன்று. கற்பூரம் வாசலில்.

இந்த மிஷினால் செய்ய முடியாதது நிறைய. முதலாவது, வீட்டை விட்டு வெளியே போனால் அது உங்களோடு வராது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு லண்டனில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, 2018ல் லான்செட்டில் வந்தது. அறுபது வயது தாண்டிய 119 பேர். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள், மீதிப் பேர் என்னைப் போல இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள். ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள், வேறொரு நாள் ஹைட் பார்க் பூங்காவில் இரண்டு மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்டு தெருவை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? பகலில் அங்கே ஓடுவது பெரும்பாலும் பஸ்ஸும் டாக்ஸியும்தான், அப்போது பெரும்பகுதி டீசல். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஊர் கண்டக்டர்கள் ஞாபகம்தான் வந்தது. நடக்க வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம். அவர்களுக்கு ஷிப்ட் முழுக்க.

பூங்காவில் நடந்தபோது மூன்று வகையினருக்கும் மூச்சு ஊதும் திறன் கூடியது, ரத்தக்குழாயின் விறைப்பு தளர்ந்தது, மறுநாள் வரைக்கும் அந்தப் பலன் இருந்தது. பஸ் தெருவில் நடந்தபோது அந்தப் பலன் பெருமளவு காணாமல் போனது. காலும் அதுதான், நடையும் அதுதான். இதய நோயாளிகளுக்கும் நுரையீரல் அளவிலேயே அந்த வித்தியாசம் தெரிந்தது என்பதுதான் நான் கவனித்தது. இதய மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ரத்தக்குழாய் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டு மிஷினை நம்புகிறவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கு எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகவே நடப்பேன். பனிக்காலத்தில் அந்த நேரம்தான் புகை தரையோடு படுத்திருக்கும். இப்போது சாயங்காலம், கடல் காற்று வந்த பிறகு, வடிவுடையம்மன் கோயில் பிரகாரத்தில். கல் தரை, வண்டி இல்லை, மூச்சு வாங்கினால் உட்காரத் திண்ணை. ஆஸ்பத்திரிக்கோ பேங்க்குக்கோ ரோட்டில் போகத்தான் வேண்டும் என்றால் என்95 மாஸ்க். பெய்ஜிங்கில் இதய நோயாளிகள் 98 பேரை மாஸ்க்கோடும் மாஸ்க் இல்லாமலும் நடக்கவிட்டுப் பார்த்ததில், மாஸ்க் போட்ட நாளில் பிரஷரும் குறைவு, இதயத்துக்கு ரத்தம் போதாத அறிகுறியும் குறைவு. ஆனால் மூச்சு ஏற்கெனவே திணறும் நாளில் என்95 பெரிய தொல்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். துணி மாஸ்க் புகைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, வாயுக்கள். வடிகட்டியின் உள்பக்கம் கரி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தட்டிப் பார்த்தால் ஒரு பிடி தேறாது. தூசியைப் பிடிக்கிறது, டீசல் வாடையைப் பிடிப்பதில்லை. வாகனப் புகையில் இருக்கிற நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரி சமாச்சாரங்களுக்கு இந்த மெல்லிய கரிப் படலம் போதாது. வடசென்னையில் எந்த ராத்திரி எந்த வாடை வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இந்த மிஷின் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றால் ஏமாறாதீர்கள்.

மூன்றாவது, நம் ஊர் வெக்கை. கதவு ஜன்னலை அடைத்தால்தான் மிஷின் வேலை செய்யும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையை அடைத்துப் படுத்தால் புகையால் வராத மூச்சுமுட்டல் புழுக்கத்தால் வந்துவிடும். ஏசியிலேயே ஃபில்டர் இருக்கிறதே என்பார்கள். அந்த வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. ஆனால் ஏசியும் மிஷினும் சேர்ந்தால் நல்ல ஜோடி, ஏனென்றால் ஏசிக்காக எப்படியும் கதவை அடைக்கிறோம். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. அதனால் ஐப்பசியிலிருந்து மாசி வரை ராத்திரிகளில் மட்டும் மிஷின். மற்ற நாட்களில் மத்தியானம் கடல் காற்று அடிக்கும் நேரம் கிழக்கு ஜன்னலைத் திறந்துவைப்பது இலவசம், அதற்குச் சிஏடிஆர் கணக்கே வேண்டாம்.

கரண்ட் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முழு வேகத்தில் 40 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அப்படியே ஓட்டினாலும் இரண்டு மாத பில்லில் 24 யூனிட். நடு வேகத்தில் அதுவும் கிடையாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மிஷின் வாங்கிய பிறகு வருகிற எல்லா மூச்சுத்திணறலையும் 'வெளியே புகை அதிகம்' என்று தள்ளிவிடக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் ஒரு வாரம் ஓட்டினார். பார்த்தால் கால் வீக்கம், நுரையீரலில் நீர், நேரே ஐசியூ. நான் தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் எடை பார்க்கிறேன். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ அது சாப்பாட்டுச் சதை கிடையாது, நீர். டாக்டருக்குப் போன் போடு, நீர் மாத்திரையைக் கூட்டணுமா கேள் என்பதுதான் எனக்கு இட்டிருக்கிற உத்தரவு. அதேபோல வறட்டு இருமல். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிகிற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். எனக்கும் கொடுத்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், இருமல் போனது. அந்த இருமலுக்கு எத்தனை எச்13 போட்டாலும் தீராது.

இனி அந்த மனக்கசப்பு. ஃபில்டர் ஒரு வருஷம் உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கள் ஏரியாவில் அதில் பாதிகூட வராது. கழற்றிப் பார்த்தபோது வெள்ளையாக இருந்த மடிப்புகளெல்லாம் சாம்பல் நிறம், ஓரங்களில் கருப்பு. ஆனால் 'ஃபில்டர் மாற்று' விளக்கு எரியவில்லை. சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது, அந்த விளக்கு அழுக்கை அளப்பதே இல்லை; எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணுகிற வெறும் கடிகாரம். மலைக் கிராமத்தில் ஓடினாலும் ஆலைகள் நிறைந்த மணலியில் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான்.

புது ஃபில்டர் 2,200 ரூபாய். பணத்தைக் கட்டி ஆர்டர் போட்டால் ஸ்டாக் இல்லை. மார்கழி முழுக்க "நெக்ஸ்ட் வீக் சார்" என்றே ஓட்டினார்கள். போகி வந்துவிட்டது. சென்னையில் போகிப் புகை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களே தடுமாறிய ஊர் இது. டயர் எரிப்பது இப்போது குறைந்திருக்கிறது, நின்றபாடில்லை. வருஷத்தில் எந்த ஒரு ராத்திரிக்காக இந்த மிஷினை வாங்கினேனோ அந்த ராத்திரி பழைய ஃபில்டரோடுதான் ஓடியது. காற்று வருவது பாதியாகக் குறைந்திருந்தது. நாலு மணியிலிருந்து மேளம், புகை, நான் நாற்காலியில். புது ஃபில்டர் மாட்டுப் பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தது. அதோடு 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று ஒரு மெசேஜ்.

ஆகவே பில் போடும் முன் கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாடலுக்கு ஃபில்டர் இப்போது கையில் இருக்கிறதா? இருந்தால் மிஷினோடு சேர்த்து ஒன்று வாங்கிவிடுங்கள், புரட்டாசிக்குள் இன்னொன்று. வருஷத்துக்கு இரண்டு ஃபில்டர், 4,400 ரூபாய் என்று கணக்கு வைக்க முடியாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கொசுவலை, நடைக்கு நல்ல இடம், எடை மிஷின் மூன்றும் அதைவிடக் குறைந்த செலவில் அதைவிட அதிகம் செய்யும். லாரி ரோட்டோரம் வீடு, இதயம் பலவீனம், ராத்திரி அடைத்துப் படுக்க ஒரு தனி அறை என்று மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அயனைசர் பட்டனையும் அந்தப் பொய் விளக்கையும் எடுத்துவிட்டு, ஃபில்டரை நேரத்துக்கு அனுப்பினால் நாலு கொடுப்பேன்.

ஃபில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் திரும்ப மாட்டலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கூடாது, மடிப்பு நைந்து ஓட்டை விழுந்துவிடும். வெளியே சுற்றியிருக்கிற வலையை மட்டும் வாரம் ஒருமுறை பழைய பிரஷ்ஷால் தட்டுங்கள், அதுவும் மொட்டைமாடியில், மூக்கைக் கட்டிக்கொண்டு, இதயம் நன்றாக இருக்கிற ஒருவர் கையால்.